தோட்டா அலமாரிக்குப் பத்தாயத்தின் கால்கள்

தச்சு வேலை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, சொல்லி வைத்தாற்போல ஒரே பொருளைச் சுற்றி வந்துள்ளன. சிறிய இடத்தில் அடங்கிவிடும் ஆனால் கை கொண்டு தூக்கினால் மூச்சு வாங்கவைக்கும் ஈயத்தையும் பித்தளையையும் மர அலமாரியில் எப்படி வைப்பது என்பதே அந்தப் பொருள். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டதால், மற்றவர்களுக்கு அதில் இல்லாததை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தக்கலைக்கு அருகில் முறைப்படி பதிவு செய்து நடத்தப்படும் ஒரு துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் உரிமத்தின்படி .22 (அங்குலக் குழலளவு) தோட்டாக்கள் 10,000, 12 போர் (இதுவும் குழலளவே) தோட்டாக்கள் 500 ஆகியவற்றையும், அவற்றோடு ஏர் ரைஃபிள் என்னும் காற்றுத் துப்பாக்கிக்கான ஈயப் பெல்லட் டப்பாக்கள் 100ஐயும் ஓர் அறையில் வைத்திருக்கிறோம். இருந்த ப்ளைவுட் அலமாரியின் தட்டுகள் நடுவில் தொங்கிவிட்டன, கதவும் சாத்தவில்லை. உள்ளூர் மரத்தில், இனி ஒரு தலைமுறைக்கு அசையாத அலமாரி ஒன்றைச் செய்ய விரும்புகிறோம். எப்படிச் செய்யலாம்?

பதில்: பலகையைத் தொடுவதற்கு முன் உரிமத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின் கீழும் பெற்ற உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்ணிக்கைதான் உங்கள் அலமாரியின் கொள்ளளவே தவிர, தச்சர் செய்து தரும் இடத்தின் அளவு அல்ல. ஆகவே, நாளைக்கு உதவும் என்று இரண்டு தட்டுகளைக் கூடுதலாகப் போடும் நம் வழக்கமான ஆசையை இங்கே விட்டுவிடலாம். வேலையைத் தொடங்குமுன், அலமாரி வைக்கப்போகும் அறையின் வரைபடத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் காட்டி ஒப்புதல் கேட்டுக்கொள்வது, பின்னால் ஆய்வுக்கு வருபவர் கேள்வி கேட்கும்போது கைகொடுக்கும்.

அடுத்து எடைக்கணக்கு. ஒரு .22 தோட்டா 3.4 கிராம் அளவுக்கு வரும். ஆக 10,000 தோட்டாக்கள் 34 கிலோ. போட்டிகளில் பயன்படும் 24 கிராம் ரவை (சிறு ஈயக்குண்டுகள்) கொண்ட 12 போர் தோட்டா, கூடும் மருந்தும் சேர்ந்து 38 கிராமுக்கு அருகில் நிற்கும் என்பதால், 500க்கு 19 கிலோ. பெல்லட் ஒன்று 0.53 கிராம்தான், ஆனால் டப்பாவுக்கு 500 வீதம் 100 டப்பா என்னும்போது, தகரத்தின் எடையையும் சேர்த்து 30 கிலோவைத் தாண்டிவிடும். அட்டைப்பெட்டிகளையும் கூட்டிக்கொண்டால் 90 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆள் எடைக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். இந்த எடையை எந்த அலமாரியும் ஒரு நாள் தாங்கும். பத்து ஆண்டுகள் அசையாமல், இரவும் பகலும், இரண்டு மழைக்காலத்தின் ஈரத்திலும் தாங்க வேண்டும் என்பதுதான் சிக்கல். மரம் தொடர்ச்சியான பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். பாரத்தை ஏற்றிய அன்று அளந்த தொய்வு, சில ஆண்டுகளில் இரட்டிப்பாவது சாதாரணம்.

இப்படிப்பட்ட பாரத்துக்கு நாஞ்சில் நாட்டுத் தச்சர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பழைய வீடுகளில் நெல் கொட்டி வைத்த பத்தாயம் ஒன்றை, இன்னும் விறகாகாமல் இருந்தால், போய்ப் பாருங்கள். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள பத்தாயத்தில் நிறைய நெல் கொட்டினால் ஏறத்தாழ 1.5 டன் எடை நிற்கும். அதைத் தாங்கியவை பக்கப் பலகைகள் அல்ல. கனத்த மூலைக்கால்களும், அவற்றுக்குள் நாக்குப்போலச் செதுக்கி இறக்கப்பட்ட அடிச்சட்டங்களும்தான் முழுப் பாரத்தையும் தரைக்குக் கொண்டுபோயின. பலகைகள் கால்களில் வெட்டிய காடிக்குள் (நீள்பள்ளத்துக்குள்) வெறுமனே சொருகி நின்றன. ஆணி கழன்றுவிடுமே என்ற பயம் அந்தப் பத்தாயத்துக்குக் கிடையாது, ஏனென்றால் ஆணியை நம்பி எதுவுமே அதில் நிற்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த ஒரு பத்தாயத்தின் கால்களுக்கடியில் உள்ளங்கை அகலக் கருங்கல் துண்டுகள் இருந்தன. அவை ஈரத்துக்கும் சிதலுக்கும் (கறையானுக்கும்) தடை. உங்கள் அலமாரியை ஒரு பத்தாயத்தைக் குறுக்கி நிமிர்த்தி, கதவு வைத்ததாக நினைத்துக்கொண்டு செய்யச் சொல்வதுதான் என் யோசனை.

மரத்துக்கு அயனியைச் சிபாரிசு செய்வேன். ஆஞ்சிலி என்றும் சொல்வோம். நம் கடற்கரையில் வள்ளம் செய்யப் பயன்பட்ட மரம் இது. நீரையும் சிதலையும் தேக்குக்கு அடுத்தபடியாகத் தாங்கும், விலையோ தேக்கைவிடக் கணிசமாகக் குறைவு. பலாவும் நல்லதே. பத்மநாபபுரம் அரண்மனைத் தாய்க்கொட்டாரத்தில் நிற்கும் செதுக்குத் தூண் பலாமரம் என்பதை நினைத்தால் அதன் ஆயுளைப் பற்றிச் சந்தேகம் வராது. எதுவானாலும் வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுங்கள். ஓரத்து வெளிறு கலந்த பலகையை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அடுத்த வைகாசிக்குள் வண்டு மாவு தள்ளும். அறுத்த பலகை காய்வதற்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் கைக்கணக்கு. மரக்கடைக்காரர் காய்ந்துவிட்டது என்று சொன்னால் நம்புங்கள், ஆனால் ஒரு துண்டை வெட்டி வாங்கி வீட்டுத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் அது இன்னும் காயவில்லை. மூன்று வாரம் ஒரே எடை காட்டினால் உளியை எடுக்கலாம். பொருத்தும் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் பொருத்திய கதவு பங்குனியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும்.

அளவு: அகலம் 3 அடி, ஆழம் 14 அங்குலம், கால் உட்பட உயரம் 4 அடி. எல்லாப் பலகைகளும் இழைத்து முடித்தபின் 1 அங்குலக் கனம் நிற்க வேண்டும். சேதாரம் உட்பட 7 கன அடி மரம் போதுமானது.

இந்த 3 அடி அகலத்தை ஒரே தட்டாக விட்டால் பழைய அலமாரிக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். உங்கள் ப்ளைவுட் தட்டு ஏன் தொங்கியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், 1 அடி ஆழம், 3 அடி நீளம், அதன் மேல் பரவலாக 60 கிலோ என்றால், நடுவில் 5 முதல் 6 மில்லிமீட்டர் தொய்வு முதல் நாளே வரும். அதே ப்ளைவுட்டை, அதே நெருக்கத்தில் பாரம் ஏற்றி, நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுத்து ஒன்றரை அடி ஒன்றரை அடியாகப் பிரித்தால் தொய்வு அரை மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். தட்டின் நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. கனத்தை இரட்டித்தாலோ எட்டில் ஒரு பங்குதான் ஆகும். ஆகவே மரத்தைக் கொழுக்க வைப்பதைவிடத் தாங்கும் இடத்தைக் கூட்டுவதே சிக்கனம். இதற்கு மேலும் உறுதி வேண்டுவோர், தட்டின் முன்விளிம்பில் 2 அங்குல உயரமும் 1 அங்குலக் கனமும் உள்ள ரீப்பரை (ஒடுங்கிய மரச்சட்டத்தை) நிமிர்த்தி வைத்துப் பசையிட்டு இறுக்கலாம். ப்ளைவுட் தட்டுக்குக்கூட இந்த ஒரு ரீப்பர் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பைக் கொடுத்துவிடும். தட்டின் மேல்பக்கமாக அரை அங்குலம் தலைநீட்டும்படி வைத்தால் டப்பா வழுக்கி விழாமலும் காக்கும்.

நடுப்பலகை வைப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எல்லாத் தட்டுகளின் பாதிப் பாரமும் அந்த ஒரு பலகை வழியாகக் கீழே இறங்குகிறது. அந்தப் பலகை அடித்தட்டின் நடுவில் வெறுமனே நின்றால், தொய்வை நாம் போக்கவில்லை; மேலே இருந்ததைக் கீழே இடம் மாற்றியிருக்கிறோம். நடுப்பலகைக்கு நேர் கீழே முன்னும் பின்னும் ஒவ்வொரு கால் கொடுத்து மொத்தம் ஆறு கால்களாக்குங்கள். அலமாரியின் சொந்த எடை 80 கிலோ அளவு வரும். சரக்கோடு 170 கிலோ. ஆறு காலுக்கும் பங்கிட்டால் சராசரியாகக் காலுக்கு 30 கிலோவுக்குள் அடங்கிவிடும்; நடுக்கால்களில் சற்றுக் கூடினாலும் தரை ஓடு விரியாது. கால்கள் 6 அங்குல உயரம் இருந்தால் விளக்குமாறு உள்ளே போகும், சிதல் மண்கூடு கட்டினாலும் கண்ணில் படும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கடியில் மரச்சீவலைத் திணிக்காமல், கல்லையோ பித்தளைத் தகட்டையோ கொடுங்கள்.

தட்டுகள் பக்கப் பலகைகளோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூவை மட்டும் நம்ப வேண்டாம். பக்கப்பலகையிலும் நடுப்பலகையிலும் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டி, தட்டின் முனையை அதற்குள் தட்டி இறக்க வேண்டும். அப்போது பாரம் மரத்தின் மேல் மரமாக உட்காரும். பசையும் ஸ்க்ரூவும் தட்டு வெளியே நழுவாமல் பிடித்துக்கொண்டால் போதும். காடியின் அகலம் தட்டின் கனத்தைவிட ஒரு மயிரிழைகூட அதிகமாக இருக்கக் கூடாது. கையால் அழுத்தினால் பாதி போய் நிற்க வேண்டும், மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினால் மீதி போக வேண்டும். அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டே ஆசாரிமார் நிறுத்துவார்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டது, அடியில் போய் உட்கார்ந்ததும் கெட்டியாகிவிடும். தட்டு இடம் மாற்றும் வசதிக்காகப் பக்கப்பலகையில் வரிசையாகத் துளையிட்டு ஊசி செருகும் முறை துணி அலமாரிக்கு ஏற்றது, ஈயத்துக்கு அல்ல.

பின்பலகையை ஒப்புக்கு மெல்லிய ப்ளைவுட்டாக ஆணியடித்து விடுவது இன்றைய வழக்கம். அலமாரி பக்கவாட்டில் சாய்ந்து சரியாமல் நிறுத்தி வைப்பது அந்தப் பின்பலகைதான் என்பதால், இங்கே 18 மில்லிமீட்டர் நீர்தாங்கும் ப்ளைவுட்டைச் சுற்றிலும் வெட்டிய காடிக்குள் இறக்கி 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் முடுக்குங்கள். அதன் வழியாகவே சுவரில் நான்கு நங்கூர போல்ட்டுகள் இறங்கட்டும். வெட்டுக்கல் சுவராக இருந்தால் கல்லின் நடுவில் துளையிடுங்கள்; இணைப்புச் சாந்தில் இட்ட போல்ட் கையோடு வந்துவிடும்.

கதவு இரட்டைக் கதவு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பட்டைக் கீல்கள். கீலின் ஊசி வெளியே தெரிந்தால் அதை உருவிக் கதவைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை என்பதால், ஊசி தலை அடைக்கப்பட்ட கீலாக வாங்குங்கள். பூட்டுக் கொண்டியை ஸ்க்ரூவால் பொருத்தாமல், தலை உருண்ட போல்ட் கொண்டு கதவை ஊடுருவி உள்பக்கத்தில் நட்டு முடுக்குங்கள். சாவி ஒருவர் பொறுப்பில். துப்பாக்கிகள் வேறு பெட்டகத்தில், வேறு சாவியில். மரக்கதவு எவ்வளவு பலமானாலும் கடப்பாரைக்கு முன் சில நிமிடம்தான் நிற்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. திருட்டைத் தடுப்பது அறையின் கம்பிச் சன்னலும் இரும்புக்கதவும்தான்.

இழுப்பறை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 20 கிலோ ஈயம் நிறைந்த இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்தால் அலமாரியே முன்னால் கவிழப் பார்க்கும். அதற்குப் பதிலாக, இருபுறமும் கைபிடி வெட்டிய சிறு மரத்தட்டங்களைச் செய்துகொள்ளுங்கள். எதுவும் நிறைந்த நிலையில் 10 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கனமானவை இடுப்புக்குக் கீழே உள்ள தட்டுகளில் இருக்கட்டும். 12 போரோடு 20 போர் தோட்டாவும் என்றாவது வரக்கூடும் என்றால் அதற்குத் தனித் தட்டும் தனி நிறமும் ஒதுக்குங்கள். எண் பெரிதானாலும் அளவில் சிறிய 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். காலியென்று நினைத்துப் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதன் காரணமே இதுதான்.

போகிற போக்கில் ஒன்று: உங்கள் ஊருக்குப் பக்கத்துப் புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டி லனாய் பீரங்கி வார்க்க உலை வைத்திருந்தார். கனமான உலோகத்தை எங்கே வைப்பது என்ற தலைவலி அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். உரிமம் பெற்ற 12 போர் துப்பாக்கி ஒன்று உண்டு. மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரத்திலேயே தோட்டாவுக்கு ஒரு சுவர்ப்பெட்டி செய்து, ரப்பர் பால் பீப்பாய்கள் இருக்கும் கொட்டகை அறையில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக இருக்குமா?

பதில்: மரத்துக்கு ஒரு நிபந்தனையோடு சம்மதம், இடத்துக்குச் சம்மதமில்லை.

ரப்பர் மரம் பலத்தில் குறைந்தது அல்ல. ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி; வெட்டிய ஓரிரு நாளில் நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைக்கும். வெட்டிய ஒரு நாளுக்குள் அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை வெற்றிட அழுத்த முறையில் ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தோட்டத்தில் ஒரு மாதம் கிடந்த தடியை மில்லில் கொடுத்து அறுத்ததென்றால் அடுப்புக்கே அனுப்பிவிடுங்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலாகவே விற்பவர்கள் அது உறையாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். ஷீட் அடிப்பவர்கள் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் சேர்க்கிறார்கள். இரண்டின் ஆவியும் பித்தளைக்கு ஆகாது, முதலாவது கொடியது. வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படைப்பிரிவுகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் தாமாகவே கீறல் விட்டிருந்தன. வெளியிலிருந்து எந்த அடியும் படவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழைக்கால ஈரமும், கூட்டைச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர். உங்கள் பீப்பாய்க் கொட்டகை அந்த லாயத்துக்குச் சற்றும் குறைந்தது அல்ல. 12 போர் தோட்டாவின் உடல் பிளாஸ்டிக்காக இருந்தாலும் அடியில் இருப்பது உலோகம். கீறல் விட்ட அடிப்பாகத்தோடு ஒரு தோட்டாவைத் தோளருகே வைத்துச் சுடுவதை நினைத்துப் பாருங்கள்.

பெட்டியை வீட்டுக்குள், தொழுவத்தையும் கழிவறையையும் ஒட்டாத உட்சுவரில் மாட்டுங்கள். மேற்குச் சுவர் வேண்டாம். தென்மேற்குச் சாரல் அதைத்தான் நனைக்கும்.

கேள்வி: குளச்சலில் மீன்பிடிச் சாமான் கடை நடத்துகிறேன். தோட்டா எதுவும் இல்லை, வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டும் ஈயக்குண்டுகள்தான். ஆண்டுக்கொரு தட்டு ஒடிகிறது. என்ன செய்ய?

பதில்: உங்கள் கேள்விக்கு என் பழைய குற்றம் ஒன்றைச் சொல்லித்தான் பதில் தொடங்க வேண்டும். தொழில் கற்ற புதிதில் கடற்கரை ஊர் ஒன்றில், உங்கள் கடை போன்ற ஒரு கடைக்கு, 18 மில்லிமீட்டர் பார்ட்டிக்கிள் போர்டில் 4 அடி நீளத் தட்டுகள் போட்டுக் கொடுத்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. கடைக்காரர் பெரியவர், அதில் ஈயத்தை அடுக்கிக்கொண்டே, "தம்பி, இது தாங்குமா?" என்று கேட்டார், நான் சிரித்தேன். நான்காவது மாதம் ஓர் இரவு மூன்று தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டன. காலையில் போய்ப் பார்த்தபோது, ஸ்க்ரூக்கள் வளையாமல் நேராக அப்படியே நின்றன. அவற்றைச் சுற்றியிருந்த பலகைதான் கடற்காற்றின் ஈரத்தில் ஊதி, புட்டு மாவு போல உதிர்ந்திருந்தது. பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்: அந்தத் தட்டில் 60 கிலோ இருந்தாலே முதல் நாளில் ஒன்றரை அங்குலம் தொங்கியிருக்க வேண்டும். பெரியவர் கேட்டது அதைப் பார்த்துத்தான் போலும்.

ஈயத்தின் ஒரு லிட்டர் கொள்ளளவு 11 கிலோவுக்கு மேல் இருக்கும். குண்டுகளாகக் கொட்டி இடைவெளி விட்டாலும் 6 கிலோவுக்குக் குறையாது. தட்டு நிறைய அடுக்கலாம் என்று கண் சொல்வதை நம்பாதீர்கள். முதல் பதிலில் சொன்ன ஒன்றரை அடிக் கட்டமும் காடியும் உங்களுக்கும் பொருந்தும். பெரிய குண்டுகளை அலமாரியில் ஏற்றவே வேண்டாம். தரையிலிருந்து 4 அங்குலம் உயர்ந்த கனத்த பலகை மேடையில் வையுங்கள். கடற்கரையில் இரும்பு ஸ்க்ரூ இரண்டே ஆண்டில் துருவேறி மரத்தையும் கருக்கிவிடும் என்பதால் எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்க்ரூவுக்குக் கூடுதலாகச் செலவிடுவது வீண் அல்ல.

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் ஏர் ரைஃபிள் பயிற்சி செய்கிறாள். பெல்லட்டுகளைத் தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டியில் திறந்த கிண்ணங்களில் வைத்திருந்தோம். ஆறு மாதத்தில் மேலே வெண்பொடி படிந்துவிட்டது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை அல்ல, அது ஈயம் அரித்து உண்டான உப்பு. எல்லா மரமும் சிறிதளவு அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கினால், ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். ஓக் மரம் இதில் மிக மோசம் என்பதால், அருங்காட்சியகங்களில் ஈயப் பொருள்களை ஓக் பெட்டிகளில் வைப்பதைத் தவிர்க்கிறார்கள். தேக்கு அந்த அளவுக்கு இல்லையென்றாலும் குற்றமற்றது என்று சொல்ல முடியாது.

அந்தப் பொடி நஞ்சு. வாயால் ஊதித் தள்ள வேண்டாம், உலர்ந்த துணியால் தட்டவும் வேண்டாம். கையுறை அணிந்து ஈரத்துணியால் பெட்டியைத் துடையுங்கள்; அரித்த பெல்லட்டுகளைப் போட்டிக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். புதியவற்றை அவை வந்த தகரடப்பாவிலேயே மூடி வைத்து, அந்த டப்பாவை மரப்பெட்டிக்குள் வைத்தால் தொல்லை இல்லை. கூடவே சிலிக்கா ஜெல் சிறு பை ஒன்று இருக்கட்டும். ஆரஞ்சு நிறம் பச்சையானால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மகள் பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது என்பதைத் தாத்தாவின் கண்டிப்போடு சொல்லிவையுங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். மரம் எரியுமே! தோட்டாவை இரும்புப் பெட்டியில் வைப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: திருடனை மட்டும் நினைத்தால் இரும்புதான். தீயை நினைக்கும்போது விடை மாறுகிறது.

துப்பாக்கிக்கு வெளியே இருக்கும் தோட்டா தீயில் சூடேறி வெடித்தால், குழல் இல்லாததால் குண்டுக்கு வேகம் கிடைப்பதில்லை. குண்டைவிட இலேசான கூடுதான் கிழிந்து துண்டுகளாகத் தெறிக்கும். அருகில் நிற்பவரின் கண்ணைக் கெடுக்க அது போதும். ஆனாலும் கதைகளில் வருவதுபோல நாலாபுறமும் சூடு நடக்காது. குழலுக்குள் ஏற்றி மறந்துவிட்ட தோட்டாதான் தீயில் உண்மையாகவே சுடும். ஆகவே துப்பாக்கி காலியாக இருப்பதே முதல் காப்பு. காற்றுப் போகாமல் இறுக மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கானவை ஒருசேர வெந்தால் அழுத்தம் தேங்கும். தேங்கிய அழுத்தம் பெட்டியையே உடைக்கப் பார்க்கும். மரம் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும், அழுத்தம் வந்தால் வழிவிட்டுக்கொடுக்கும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 495 என்னும் தீத்தடுப்பு விதி, வீடுகளில் 20 பவுண்டுக்கு மேற்பட்ட புகையில்லா வெடிமருந்தை வைக்க, சுவர் ஓர் அங்குலக் கனத்துக்குக் குறையாத மரப்பெட்டியைக் கேட்பதன் காரணம் இதுவே. அந்த விதி உதிரி மருந்துக்கானது. நம் வாசகர்கள் வைத்திருப்பது முழுத் தோட்டா. உரிமம் இல்லாமல் உதிரி வெடிமருந்தை வீட்டில் வைத்திருப்பதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. முதல் பதிலில் 1 அங்குலக் கனத்தை நான் வலியுறுத்தியது தட்டின் பலத்துக்காக மட்டுமல்ல என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அலமாரி இருக்கும் அறையில் பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. அலமாரிக்குள் மின்விளக்கும் வேண்டாம். சங்கமாக இருந்தால், எந்த அறையில் என்ன இருக்கிறது என்பதை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தீயில் உள்ளே நுழைபவர்கள் அவர்கள்.

தக்கலை வாசகர் தம் கடிதத்தின் ஓரத்தில், வார்னிஷ் அடித்த எத்தனையாவது நாள் சரக்கை ஏற்றலாம் என்றும் கேட்டிருந்தார். உள்பக்கம் வார்னிஷ் அடிக்காமல் வெறும் இழைப்போடு விடலாம். வெளிப்பக்கம் அடித்தபின் கதவுகளை விரியத் திறந்து மூன்று வாரம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைத்து வாசம் வரவில்லை என்றால் சரி. அந்த மூன்று வாரமும் அலமாரியைச் சும்மா நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தட்டிலும், அதில் வைக்கப்போகும் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். தட்டின் முன்விளிம்பில் இரு முனைக்கும் இழுத்துக் கட்டிய நூலுக்கும் மரத்துக்கும் நடுவில், மூன்றாம் வாரக் கடைசியில் ஓர் அரிசிமணி நுழையாவிட்டால் மணலை இறக்கித் தோட்டாவை ஏற்றலாம். நுழைந்தால் அந்தத் தட்டை மட்டும் கழற்றி, அடியில் இன்னொரு ரீப்பர் கொடுத்து மறுபடி மணலை ஏற்றுங்கள்.